நாயைப் போர்டிங்கில் விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

குடும்பத்தில் ஒரு திருமணமோ, திருப்பதிப் பயணமோ, வெளியூரில் உறவினர் வீட்டுத் துக்கமோ வந்து அனைவரும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டியிருக்கும்போதுதான், வீட்டு நாயை யாரிடம் ஒப்படைப்பது என்ற கவலை தொடங்குகிறது. தனி வீடுகளும் கூட்டுக் குடும்பங்களும் மிகுந்திருந்த காலத்தில் பக்கத்து வீட்டாரோ ஊரில் இருக்கும் தாத்தாவோ பார்த்துக்கொண்டார்கள். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் பலருக்கு அந்த வசதி இல்லாததால், போர்டிங் என்று எல்லோரும் அழைக்கும் நாய் விடுதிகளே இன்று பெரும்பாலும் கைகொடுக்கின்றன.

இணையத்தில் தேடினால் எல்லா விடுதிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். பச்சைப் புல்தரை, நீல நிறத் தண்ணீர்த் தொட்டி, கழுத்தில் கைக்குட்டை கட்டிய கோல்டன் ரெட்ரீவர் என்று எல்லாப் படங்களும் நல்ல வெயிலில் எடுக்கப்பட்டவை. நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அந்தப் படங்களில் இருக்காது. இரவு இரண்டு மணிக்கு அந்த வளாகத்தில் யார் இருக்கிறார், அந்த நேரத்தில் ஒரு நாய்க்கு மூச்சுத் திணறினால் அவர் என்ன செய்வார் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையே ஒரு விடுதியின் தரத்தைச் சொல்லும்.

முதலில் உங்கள் நாயைப் பாருங்கள்

விடுதிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். தனித்தனிக் கூண்டுகளில் நாய்களை வைத்து, நாளுக்குச் சில முறை வெளியே விடும் விடுதிகள் ஒரு வகை. இவற்றுள் சில கால்நடை மருத்துவமனைகளோடு சேர்ந்தே இயங்குகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் காணப்படும் பண்ணை வகை விடுதிகளில், நாய்கள் பகல் முழுவதும் ஒன்றாகத் திறந்தவெளியில் ஓடித் திரியும். மூன்றாவது, நாய் வளர்ப்பில் பழக்கமுள்ள ஒருவர் தம் வீட்டிலேயே இரண்டு மூன்று நாய்களை ஏற்றுப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

கூண்டு என்றாலே கொடுமை, திறந்தவெளி என்றாலே சுதந்திரம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பிற நாய்களோடு பழகி வளராத ஒரு நாயை, முன்பின் அறியாத பதினைந்து நாய்களுக்கு நடுவே அவிழ்த்துவிடுவது அதற்கு மகிழ்ச்சி தராது. பயந்து ஒரு மூலையில் ஒடுங்கும் அல்லது பயத்தில் கடிக்கும். அப்படிப்பட்ட நாய்க்குத் தனியறையும் நாளுக்கு மூன்று முறை நடையும் தரும் அமைதியான இடமே ஏற்றது. இளம் லாப்ரடாருக்கு ஓடியாடப் பண்ணை பொருந்தும். மூட்டுவலி உள்ள பதினொரு வயது நாய்க்கும், வேளை தவறாமல் மருந்து தர வேண்டிய நாய்க்கும் வீட்டு ஏற்பாட்டையோ மருத்துவமனையோடு இணைந்த விடுதியையோ தேடுவது நல்லது. வலிப்பு நோய்க்கான மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால், மாத்திரை கொடுத்துப் பழகியவர்கள் இருக்கும் இடத்தில் மட்டுமே அத்தகைய நாயை விட வேண்டும். மிகவும் முதிய நாயாகவோ இடம் மாறினால் உணவையே தொடாத நாயாகவோ இருந்தால், நம்பிக்கையான ஒருவரை உங்கள் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளச் செய்வது எந்த விடுதியையும்விட மேலானது.

நாட்டு நாய் வளர்ப்போர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. தாழ்வான சுற்றுச்சுவர் அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல, தலை குறுகலாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்தும் எளிதில் நழுவிவிடும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை பரவலாக உண்டு. காது கேளாத நாயைப் பின்புறமிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும் என்பதை விடுதிப் பணியாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு இனங்களை மட்டுமே கையாண்டு பழகிய விடுதிகள் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பதில்லை. "கோம்பை எங்களிடம் வந்ததில்லை" என்று ஒருவர் ஒளிக்காமல் சொன்னால், எல்லா இனமும் எங்களுக்கு அத்துப்படி என்பவரைவிட அவரை நம்பலாம்.

தடுப்பூசி அட்டையைக் கேட்காத இடம் வேண்டாம்

தொலைபேசியில் விசாரிக்கும்போதே ஒரு விடுதியைத் தள்ளிவிட ஒரு எளிய வழி உண்டு. உங்கள் நாயின் தடுப்பூசி விவரத்தை அவர்களாகக் கேட்கிறார்களா என்று பாருங்கள். உங்களிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆகவே உங்கள் நாய்க்கு அடுத்த கூண்டில் எந்த நோயுள்ள நாய் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரேபிஸ் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இவற்றோடு, நாய்கள் கூட்டமாக இருக்கும் இடங்களில் காற்றின் வழியே பரவும் கென்னல் காஃப் என்ற இருமல் நோய்க்கும் தனியாகத் தடுப்பூசி இருக்கிறது. போட்ட அன்றே எந்த ஊசியும் முழுப் பாதுகாப்புத் தராது என்பதால், விடுதியில் விடும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். குடற்புழு மருந்தையும் உண்ணிக்கான மாத்திரையையும் அப்போதே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடலாம். தடுப்பூசித் தொடர் முழுமையடையாத குட்டியை எவ்வளவு நல்ல விடுதியிலும் விடக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக் கணக்கில் அழியாமல் கிடக்கும். தரை துடைக்கும் சாதாரண ஃபினாயிலை நம்பி அதை ஒழித்துவிட்டதாகக் கருத முடியாது, குளோரின் கலந்த பிளீச்சிங் கரைசலே அதற்குப் பயன்படும். எதைக் கொண்டு கூண்டைக் கழுவுகிறீர்கள் என்று நீங்கள் கேட்கும் கேள்விக்கு இதுவே காரணம்.

நேரில் போகும்போது

நேரில் பார்க்காமல் எந்த விடுதிக்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம். காலையில் சுத்தம் செய்து முடித்த நேரத்துக்கு வரச் சொல்வார்கள். முடிந்தால் மாலை ஐந்து, ஆறு மணிக்குப் போங்கள். பகல் முழுவதும் நாய்கள் இருந்த இடம் அப்போது எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்குத் தேவை. நாய்கள் தங்கும் பகுதியைக் காட்ட மறுத்து வரவேற்பறையிலேயே பேசி அனுப்பும் இடத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. வெளியாட்கள் வந்தால் நாய்கள் மிரளும் என்று சொல்வதில் ஓரளவு நியாயம் இருந்தாலும், தள்ளி நின்றாவது பார்க்க விட வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் வரும் வாடையைக் கவனியுங்கள். நாய்கள் இருக்கும் இடத்தில் நாய் வாடை இருக்கத்தான் செய்யும். ஆனால் கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி இருந்தால், கழிவுநீர் வடியாமல் தேங்குகிறது என்று பொருள். ஃபினாயில் மணம் மூக்கைத் துளைத்தாலும் சற்று ஐயப்படலாம். பிறகு கூண்டின் உள்ளே, சுவரும் தரையும் சேரும் மூலையை உற்றுப் பாருங்கள். சிமென்ட் பெயர்ந்த விரிசல்களிலும், கதவுக் கீலின் இடுக்கிலும், மேலே கூரை சேரும் விளிம்பிலும் மிளகளவு சாம்பல் நிறத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது இரத்தம் குடித்து ஊதிய உண்ணி. நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி செடிகொடிகளை நம்பி வாழ்வதில்லை. கட்டடத்துக்குள்ளேயே முழு வாழ்க்கையையும் முடித்துக்கொள்ளும், சுவரேறி விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், இரை கிடைக்காமலும் பல மாதம் உயிரோடு இருக்கும். எர்லிக்கியா, பபீசியா ஆகிய உண்ணிக் காய்ச்சல்களைப் பரப்புவதும் இதுவே. நாய்க்கு மருந்து போடுவதோடு நிறுத்தாமல், கட்டடத்துக்கும் எத்தனை நாளுக்கொரு முறை மருந்து அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். நீச்சல் தொட்டியைப் பெருமையாகக் காட்டுபவரிடம் இதைக் கேட்டால் முகம் மாறுவதைப் பல இடங்களில் காணலாம்.

அடுத்தது வெப்பம். கோடையில், அதிலும் மே மாதக் கத்திரி வெயிலில், சென்னை விடுதிகளின் உண்மையான தேர்வு நடக்கிறது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது, கடற்கரையோரப் புழுக்கத்தில் அந்த வழி சரியாக வேலை செய்யாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் சிதையத் தொடங்கும். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் இதில் மிக விரைவாக ஆபத்துக்குள்ளாகும். கூரை தகரமா, ஆஸ்பெஸ்டாஸா, கான்கிரீட்டா, அதன் அடியில் காற்று போக வழி இருக்கிறதா, மின்விசிறி ஒவ்வொரு கூண்டுக்கும் எட்டுகிறதா என்று பாருங்கள். குளிர்சாதன அறை என்று தனிக் கட்டணம் வாங்கினால், மின்சாரம் நின்றதும் ஜெனரேட்டர் ஓடுமா, இல்லை இன்வெர்ட்டரில் மின்விசிறி மட்டும் சுற்றுமா என்பதைக் கேட்டுவிடுங்கள். நண்பகலில் நாய்களை வெளியே விடுகிறோம் என்று சொல்வோர் வெயிலைப் பற்றி யோசிக்காதவர்கள்.

வாசலில் ஒன்றுக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். ஒரு கதவு மட்டும் இருந்தால், பால்காரருக்குத் திறக்கும் ஒரு நொடியில் நாய் சாலைக்குப் போய்விடும். உங்கள் கண்ணெதிரில் ஒரு கூண்டைத் திறந்து நாயை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். பழகிய பணியாளர் கதவை ஒரு சாண் அளவே திறப்பார், தம் முழங்காலால் இடைவெளியை அடைத்துக்கொண்டு, நாயின் கழுத்தில் கயிற்றை மாட்டி, கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்ட பிறகே முழுதாகத் திறப்பார். கதவை விரியத் திறந்துவிட்டு நாயின் பின்னால் ஓடுபவரிடம் உங்கள் நாயை விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது. அங்கிருக்கும் நாய்களையும் பாருங்கள். ஆளைக் கண்டு குரைப்பது இயல்பு. குரைக்காமல், எழுந்தும் வராமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும் நாய்கள் பல இருந்தால், காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

தண்ணீர்க் கிண்ணத்தின் உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் அது பல நாளாகத் தேய்த்துக் கழுவப்படவில்லை.

பருவத்தில் இருக்கும் பெண் நாய்களை எங்கே வைப்பார்கள், இருமலோ வயிற்றுப்போக்கோ வந்த நாயைப் பிரித்து வைக்கத் தனி அறை உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் மறக்க வேண்டாம். பல விடுதிகளில் அந்தத் தனி அறை என்பது கூண்டு வரிசையின் கடைசிக் கூண்டாகவே இருக்கிறது. காற்றில் பரவும் இருமலை அது தடுக்காது.

இரவும் மழையும் வெடிச் சத்தமும்

இனி அந்த முக்கியமான கேள்விக்கு வருவோம். இரவில் யார் இருக்கிறார்கள் என்று உரிமையாளரிடம் கேட்பதோடு நில்லாமல், நாய்களுக்குச் சோறு வைக்கும் பணியாளரிடமும் தனியாகக் கேளுங்கள். "ஒண்ணும் ஆகாது சார், நாங்க பாத்துக்குறோம்" என்பது பதிலே அல்ல. "பத்து மணிக்கு கேட்டப் பூட்டிடுவோம், நான் இந்தக் கட்டில்லதான் படுப்பேன், ராத்திரி ஒருவாட்டி எந்திரிச்சுப் பாப்பேன்" என்று ஒருவர் சொல்லி, அந்தக் கட்டிலும் அங்கே இருந்தால், அது நம்பத்தகுந்த பதில். கண்காணிப்புக் கேமரா இருக்கிறது என்பதை இதற்கு ஈடாக ஏற்க முடியாது. சண்டையிடும் இரண்டு நாய்களைக் கேமரா பிரித்துவிடாது. ஒரு பணியாளர் எத்தனை நாய்களைக் கவனிக்கிறார் என்பதையும், பண்டிகை நாட்களில் அந்த எண்ணிக்கை எவ்வளவு கூடும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஊரெல்லாம் வெளியூர் போகும் தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறையில்தான் விடுதிகள் நிரம்பி வழிகின்றன, பணியாளர்களும் ஊருக்குப் போக விரும்புவது அதே நாட்களில்தான்.

தீபாவளிக்கு விடுவதானால் வெடிச் சத்தம் தனிக் கவலை. மனிதர் காதுக்கு எட்டும் ஒலியின் உச்ச அளவு 20,000 ஹெர்ட்ஸ் என்றால், நாய்க்கு அது 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்கு எட்டும். மிரண்ட நாய் வேலியைத் தாண்டும், பல்லால் கம்பியைக் கடித்து ஈறைக் கிழித்துக்கொள்ளும். ஊருக்கு வெளியே இருப்பதால் எங்களிடம் சத்தமே வராது என்று பண்ணை விடுதிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சுற்றியுள்ள கிராமங்களிலும் வெடி வெடிக்கத்தான் செய்கிறார்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி இரவெல்லாம் பாடுவதும் அங்கேதான். மாலைக்குப் பிறகு நாய்களை அடைக்க உள்ளறை இருக்கிறதா என்பதே கேள்வி.

தீபாவளிக் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாக வருவதால், தண்ணீர் தேங்கும் இடமா என்பதையும் பார்த்தாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதிகள் நீரில் மூழ்கியதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான நிலத்தில் உள்ள விடுதியென்றால், தண்ணீர் ஏறினால் நாய்களை எந்த இடத்துக்கு, எந்த வண்டியில் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். புதரும் வயலும் சூழ்ந்த பண்ணைகளில் மழைக்காலத்தில் பாம்பு வரும், நாய் அதை விரட்டாமல் இருக்காது. அந்த விடுதிக்கு அருகில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பது அப்போது மிக முக்கியமாகிவிடும்.

சோறும் பணமும் எழுத்தும்

விடுதியில் விட்ட நாய்க்கு வரும் வயிற்றுப்போக்கில் பாதிக்குக் காரணம் கிருமி அல்ல, திடீரென மாறிய உணவே என்பது என் எண்ணம். தயிர்சாதமும் முட்டையும் தின்று வளர்ந்த நாயை ஒரே நாளில் உலர் தீவனத்துக்கு மாற்றினால் வயிறு ஒத்துக்கொள்ளாது. வீட்டில் தருவதையே அங்கும் தரச் சொல்லுங்கள், முடியாதென்றால் ஒரு வாரம் முன்பே அவர்கள் தரும் உணவை வீட்டில் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். பணியாளர்கள் அன்பு மிகுதியால் தங்கள் பிரியாணியில் மிஞ்சியதைப் போடுவதும் உண்டு. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த கோழி எலும்பு குடலைக் குத்தும் என்பதைச் சொல்லி, உணவுப் பொட்டலத்தின் மேல் எழுதியும் ஒட்டிவிடுங்கள். சமையற்கட்டுச் சுவரில் ஒவ்வொரு நாயின் பெயருக்கும் நேராக உணவு, மருந்து, மலம் பற்றிய குறிப்பு எழுதும் நோட்டு தொங்கும் விடுதியை நான் மற்ற எல்லா வசதிகளுக்கும் மேலாக மதிப்பேன். நேற்று எழுதப்பட்டிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

கட்டணத்தில் உணவு, குளியல், மருந்து கொடுத்தல் ஆகியவை அடங்குமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு, எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கேளுங்கள். அதில் மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும்: அவசரத்தில் எந்த மருத்துவரிடம் கொண்டுபோவார்கள், உங்களைத் தொடர்புகொள்ள முடியாதபோது எவ்வளவு தொகை வரை செலவிட அனுமதிக்கிறீர்கள், உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்கும் உரிமையுள்ள உள்ளூர் நண்பர் அல்லது உறவினர் யார். நீங்கள் விமானத்தில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு அழைப்பு வந்தால் பயன்படப்போவது இந்தத் தாள்தான். "எது நடந்தாலும் விடுதி பொறுப்பல்ல" என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். கவனக்குறைவால் நாய் தப்பி ஓடினாலும் இந்த வரி பொருந்துமா என்று கேட்டு, அதை நீக்கவோ திருத்தவோ சொல்லலாம்.

சென்னை மாநகராட்சியில் பெற்ற நாய் உரிமத்தின் நகலையும் தடுப்பூசி அட்டையின் நகலையும் இந்த ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அந்த எண்ணையும் குறிப்பிடுங்கள். நாயின் பக்கவாட்டுப் படம் ஒன்றும் முகப் படம் ஒன்றும் உங்கள் கைபேசியில் இருக்கட்டும்.

ஓர் இரவு ஒத்திகை

பத்து நாள் பயணத்துக்கு முன், நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஓர் இரவு மட்டும் நாயை அங்கே விட்டுப் பாருங்கள். மறுநாள் அழைத்துவரப் போகும்போது, நாய் எவ்வளவு சாப்பிட்டது, எப்போது தூங்கியது, யாரோடு ஒட்டிக்கொண்டது என்று கேளுங்கள். "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாவிட்டால் அதை யாரும் கவனிக்கவில்லை. முதல் இரவில் சாப்பிடாமல் இருப்பது பெரிய குறையல்ல, ஆனால் சாப்பிடவில்லை என்பதையே அவர்கள் சொல்லாமல் விட்டால் அது பெரிய குறை.

விடும் நாளில் கனமான உணவு தராமல் அழைத்துச் செல்லுங்கள். நாய் படுத்துப் பழகிய பழைய போர்வையைத் துவைக்காமல் அதன் வாசனையோடு கொடுத்து அனுப்புங்கள். மருந்துகளை நாள்வாரியாகப் பிரித்துக் கட்டுங்கள். வாசலில் நீண்ட நேரம் கட்டிப்பிடித்துக் கலங்கி நிற்பது நாயின் பதற்றத்தைக் கூட்டும் என்பதால் சுருக்கமாக விடைபெறுவது நல்லது. நாளொன்றுக்கு ஒரு படமோ சிறு காணொளியோ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நேரத்தையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். மணிக்கொரு முறை அழைத்தால், நாயைப் பார்க்க வேண்டிய பணியாளர் உங்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

அழைத்து வந்த அன்றே காது மடலின் உட்புறம், விரல் இடுக்குகள், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, வாலின் அடி ஆகியவற்றை விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் அதிகமாகத் தூங்குவதும் தண்ணீர் குடிப்பதும் களைப்பால் இருக்கலாம். வறட்டு இருமல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டக்கூடும். உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள் மூன்று வாரம் கழித்தும் வரலாம் என்பதால், அந்த இடைவெளிக்குள் காய்ச்சல், உணவில் வெறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம், கருஞ்சிவப்பு மூத்திரம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். போர்டிங்கில் இருந்து வந்த நாய் என்பதையும், எந்தத் தேதியில் திரும்பியது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால், எந்த இரத்தப் பரிசோதனையை முதலில் எடுப்பது என்று அவர் முடிவு செய்வது எளிதாகும்.